ஒரு பள்ளி மாவட்டத்தின் அன்றாட அலுவல்

'கல்வி மாவட்டம்' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. அதற்கு மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவர் இருப்பார். அவரை நியமிப்பது அரசு. அவருக்குக் கீழுள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்குவதும் அரசே. எனவே அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பற்றிய நூல்களில் 'பள்ளி மாவட்டம்' என்று படிக்கும்போது, அதுவும் இதைப் போன்றதொரு நிர்வாகப் பிரிவுதான் என்று நம் மாணவர்கள் கருதிவிடுவது இயல்பு. உண்மையில் இரண்டுக்கும் பெயரளவில்தான் ஒற்றுமை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி மாவட்டம் என்பது தனியொரு சிறு அரசாங்கம். அதற்குத் தனி எல்லை உண்டு. தனித் தேர்தல் உண்டு. வரி விதிக்கும் உரிமையும் கடன் வாங்கும் உரிமையும் உண்டு. அது பிறர்மேல் வழக்குத் தொடரலாம். பிறரும் அதன்மேல் வழக்குத் தொடரலாம். வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு ஒரு பள்ளி என்ற முறை செல்லாது என 1954இல் தீர்ப்பளிக்கப்பட்ட புகழ்பெற்ற பிரௌன் வழக்கில் எதிர்வாதியாக நின்றது, கான்சஸ் மாநிலத்து டொபீகா நகரின் கல்விக் குழுதான்.

நம் பாட்டனார் காலத்தில் ஜில்லா போர்டுகள் பள்ளிகளை நடத்தின. 'போர்டு ஸ்கூல்' என்ற பெயர் இன்றும் சில ஊர்களில் முதியோர் வாயில் வழங்குகிறது. ஆனால் அந்தப் போர்டுகள் சாலையும் போட்டன, மருந்தகமும் நடத்தின. அமெரிக்கக் கல்விப் போர்டுக்குப் பள்ளியைத் தவிர வேறு வேலை கிடையாது.

இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது? அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. அது மாநிலங்களின் பொறுப்பு; மாநிலங்களோ அதை ஊர்களின் கையில் விட்டன. நாடு விடுதலை அடைவதற்கு நெடுங்காலம் முன்பே, 1647இல், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் பிறந்தது. ஐம்பது வீடுகள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது அச்சட்டம். 1785ஆம் ஆண்டின் நில ஒழுங்குச் சட்டம் மேற்குப் பகுதி நிலங்களை ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 பங்குகளாகப் பிரித்து, பதினாறாம் பங்கைப் பள்ளிக்கென ஒதுக்கியது. குடியானவர்கள் ஒன்றுகூடி ஓரறைப் பள்ளி கட்டினார்கள். அதை நடத்த மூவரையோ ஐவரையோ தேர்ந்தெடுத்தார்கள். அதுவே ஒரு மாவட்டமாயிற்று. 1940ஆம் ஆண்டை ஒட்டி நாடெங்கும் ஏறத்தாழ 1,17,000 மாவட்டங்கள் இருந்தன. பின்னர்ச் சிறியவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, இன்று சுமார் 13,000 ஆகக் குறைந்துள்ளன. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். வேறு சில மாநிலங்களில் சில நூறு குழந்தைகளுக்கே ஒரு மாவட்டம்.

மாவட்டத்தை ஆள்வது கல்விக் குழு. பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது உறுப்பினர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஏழு பேர் என்பது வழக்கம். பல் மருத்துவர், கடைக்காரர், இல்லத்தரசி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் தேர்தலில் நிற்கலாம். டெக்சாஸில் இவர்களுக்கு ஊதியம் இல்லை. தேர்தலில் வாக்களிப்போர் தொகையும் பல இடங்களில் மிகக் குறைவு. குழு தன் சார்பில் நிர்வாகம் நடத்த ஒரு கண்காணிப்பாளரை ஒப்பந்தத்தின்பேரில் நியமிக்கிறது. நம் அலுவலகத்துச் 'சூப்பரிண்டெண்ட்' அல்லர் இவர். மாவட்டம் முழுவதற்கும் தலைமை அதிகாரி. ஆசிரியர் நியமனம் முதல் கட்டடப் பழுது வரை இவர் பரிந்துரைக்க, குழு ஒப்புதல் தருகிறது. கொள்கை வகுப்பது குழு, நடத்துவது கண்காணிப்பாளர் என்று பாடநூல்கள் கோடு கிழித்துக் காட்டும். கால்பந்துப் பயிற்சியாளரை நீக்குவது கொள்கையா, நிர்வாகமா என்ற கேள்வி எழும்போது அந்தக் கோடு மறைந்துவிடும்!

குழுவின் கூட்டம் பொதுவாக மாலை நேரத்தில் நடைபெறும். கூட்டப் பொருள்களை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பொதுமக்கள் வந்து அமரலாம். பேச விரும்புவோர்க்குச் சில நிமிடங்கள் ஒதுக்கப்படும். பொருள் நிரலில் முதற்பகுதி 'ஒப்புதல் பட்டியல்' எனப்படுவது. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, செலுத்த வேண்டிய பில்கள், பால் வழங்குவதற்கான ஒப்பந்தப் புள்ளி, இரண்டு ஆசிரியர்களின் பணிவிலகல், பழைய பேருந்துகளை ஏலம் விடுதல், இசைக் குழு வெளியூர் செல்ல அனுமதி ஆகியவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே தீர்மானத்தால் நிறைவேற்றுவார்கள். ஓர் உறுப்பினர் விரும்பினால் ஏதேனும் ஒரு பொருளைக் கட்டிலிருந்து உருவி விவாதத்துக்கு வைக்கலாம். பெரும்பாலும் எவரும் உருவுவதில்லை. இலட்சக்கணக்கான டாலர் செலவு இரண்டு நிமிடத்தில் நிறைவேறுவதும், பள்ளிச் சின்னத்தின் நிறத்தை மாற்றுவது பற்றி இரண்டு மணி நேரம் வாதிடுவதும் இத்தகைய சபைகளில் புதுமை அல்ல. நம் ஊராட்சி மன்றக் கூட்டங்களைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

அன்றாட அலுவல்களில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வருகைப் பதிவு. டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் மாநில அரசின் உதவித்தொகை, சேர்ந்த மாணவர் தொகையைக் கொண்டு அன்றி, சராசரியாக நாள்தோறும் வந்த மாணவர் தொகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆகவே காய்ச்சலால் ஒரு பிள்ளை வராவிட்டால் மாவட்டத்தின் வருவாயில் ஒரு துளி குறைகிறது. ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளமோ, வகுப்பறைக்கு ஆகும் மின்செலவோ அன்று குறைவதில்லை. ஏழைகள் மிகுந்த பகுதியில் நோயும் வீடு மாறுதலும் மிகுதி. அங்கே வராத நாள்களும் மிகுதி. தேவை அதிகமுள்ள இடத்துக்கு உதவி குறைந்து போவதற்கு இந்தக் கணக்கே ஒரு காரணமாகிறது. வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதில் மாவட்டங்கள் காட்டும் ஆர்வத்தில் அன்பும் உண்டு, வரவு செலவுக் கணக்கும் உண்டு.

அடுத்தது பேருந்து. ஓரறைப் பள்ளிகளை மூடி இணைத்தபோது, தொலைவிலுள்ள பிள்ளைகளை ஏற்றிவர வேண்டியதாயிற்று. 1939இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பிராங்க் சைர் என்னும் பேராசிரியர் கூட்டிய மாநாட்டில்தான் பள்ளிப் பேருந்துகளுக்குப் பொதுவான அளவுகளும், இன்று உலகமறிந்த அந்த மஞ்சள் நிறமும் முடிவாயின. விடியற்காலை மங்கலொளியில் மஞ்சள்மேல் எழுதிய கறுப்பு எழுத்து நன்கு தெரியும் என்பதே அந்நிறத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். மதிய உணவுக்கு 1946ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் உண்டு. குடும்ப வருவாயைப் பார்த்து இலவசம், குறைந்த விலை, முழு விலை என மூன்று பிரிவு. 2010இல் வந்த சட்டம், வறுமை மிகுந்த பள்ளிகளில் இந்தப் பிரிவினையின்றி எல்லார்க்கும் இலவசமாக உணவளிக்க வழி செய்தது. உடற்குறை, மனவளர்ச்சிக் குறை உடைய குழந்தைகள் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் வகுக்க வேண்டும் என்பது 1975ஆம் ஆண்டின் சட்டம். அதற்காகும் மிகைச் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை கூட்டாட்சி அரசு ஏற்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த அளவை அது இதுவரை எட்டியதில்லை. மீதியை மாநிலமும் மாவட்டமும் சுமக்கின்றன.

இவை எல்லாவற்றிற்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் உயிரான பகுதி. நாடு முழுமைக்கும் பார்த்தால் கூட்டாட்சி அரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. மற்றதை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகத் தருகின்றன. உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் வீடு, நிலம், தொழிற்சாலை ஆகியவற்றின்மேல் விதிக்கும் சொத்து வரி. ஆண்டுக்கொரு முறை கல்விக் குழு கூடி, சொத்து மதிப்பில் நூறு டாலருக்கு இவ்வளவு என்று வரி வீதத்தைத் தீர்மானிக்கிறது. புதுக் கட்டடம் கட்டுவதற்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால், பல மாநிலங்களில் மக்களின் வாக்கெடுப்பே நடத்த வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட முதியவரும் வரி கட்டத்தான் வேண்டும். அவருக்கு மனத்தாங்கல் இருப்பதில் வியப்பில்லை. 1978இல் கலிபோர்னியா மக்கள் சொத்து வரிக்கு நூற்றுக்கு ஒன்று என்று உச்ச வரம்பு கட்டியதற்கு அத்தகைய மனத்தாங்கலும் ஒரு காரணம்.

வரி விதிக்க மறுத்தால் என்னவாகும்? வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு வட்டாரம். வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டபோது, அவ்வட்டார நிர்வாகக் குழு 1959இல் பள்ளிக்கு வேண்டிய வரியையே விதிக்காமல் விட்டுவிட்டது. பொதுப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. வெள்ளையர் தங்களுக்குத் தனியார் பள்ளி அமைத்துக்கொண்டனர். கறுப்புக் குழந்தைகளுக்கு 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிடும் வரை ஐந்தாண்டுகள் பொதுப் பள்ளியே இல்லை. துப்பாக்கியும் தடியும் எடுக்காமல், வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியை எழுதாமல் விட்டதனாலேயே இது நிகழ்ந்தது.

இத்தகைய தீய எண்ணம் எதுவுமின்றி, எல்லாரும் தம் கடமையை ஒழுங்காகச் செய்துவந்தாலும் ஏற்றத்தாழ்வு எவ்வாறு விளைகிறது என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஒரே நகர்ப்புறத்தில் ஏழு பள்ளி மாவட்டங்கள். அவற்றுள் எட்ஜ்வுட் என்பது மெக்சிகோ வழிவந்த உழைப்பாளி மக்கள் வாழும் பகுதி. தொழிற்சாலைகளோ பெரும் வணிக நிலையங்களோ அங்கு அதிகம் இல்லை. அலமோ ஹைட்ஸ் வசதி படைத்தோர் குடியிருப்பு. 1967–68ஆம் ஆண்டுக் கணக்கு நீதிமன்றப் பதிவுகளில் உள்ளது. எட்ஜ்வுட்டில் 25 பள்ளிகள், சுமார் 22,000 மாணவர்கள்; மாணவர் ஒருவருக்கு அங்கிருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலருக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட்தான். அதாவது ஏழைகளே அதிக வீதத்தில் வரி கட்டினார்கள்.

அதனால் கிடைத்ததைப் பாருங்கள். மாநிலத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்துக்குத் தன் பங்கைச் செலுத்தியபின், எட்ஜ்வுட்டின் உள்ளூர் வரியிலிருந்து மாணவர் ஒருவருக்கு மிஞ்சியது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் மிஞ்சியது 333 டாலர். மாநிலம் தந்த உதவி முறையே 222, 225 டாலர். இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே அமைந்த மாநிலத் திட்டம், பணக்கார மாவட்டத்துக்கு மூன்று டாலர் அதிகம் தந்தது! கூட்டாட்சி அரசின் உதவி 108, 36 டாலர். ஆகக் கூட்டிப் பார்த்தால் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர். சில மைல் தொலைவிலிருந்த அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர்.

1968ஆம் ஆண்டு மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நானூறு பேரளவில் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் சென்றார்கள். பழுதடைந்த கட்டடம், நிறைவான தகுதிச் சான்று பெறாத ஆசிரியர்கள் ஆகியவையே அவர்கள் குறை. பெற்றோர்கள் சிலர் விசாரிக்கத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவர் டெமெட்ரியோ ரோட்ரிகெஸ். விமானப் படைத் தளத்தில் தகடு வேலை செய்த தொழிலாளி. குறை கல்விக் குழுவின் ஊழலில் இருக்கலாம் என்று முதலில் ஐயப்பட்டவர்களுக்கு, கணக்கைப் புரட்டியபோது தெரிந்தது வேறு: களவு போவதற்கே அங்கு பணம் இல்லை. வழக்கு தொடரப்பட்டது. 1971இல் கூட்டாட்சி நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் சென்றது.

1973 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அரசியல் சட்டம் உறுதி செய்த அடிப்படை உரிமை அன்று. உள்ளூர் மக்கள் தம் பள்ளியைத் தாமே நடத்துவது நல்ல நோக்கம். குறைகளைத் திருத்துவது சட்டமன்றங்களின் வேலை என்பது பெரும்பான்மையோர் கருத்து. அதை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், முன்பு ரிச்மண்ட் நகரக் கல்விக் குழுவின் தலைவராக இருந்தவர். உள்ளூர்க் குழுவின்மேல் அவருக்கிருந்த பற்று நூலறிவால் மட்டும் வந்ததன்று. பிரௌன் வழக்கில் கறுப்புக் குழந்தைகளுக்காக வாதாடிய தர்குட் மார்ஷல் இப்போது நீதிபதியாக அமர்ந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். தரமான பள்ளி நடத்தப் போதிய சொத்தே இல்லாத மாவட்டத்துக்கு உள்ளூர் உரிமை என்பது வெறும் பெயர்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அவர் பக்கமே வலுவானதாகப் படுகிறது. இவ்வழக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சான் அன்டோனியோ பள்ளி மாவட்டத்தின் பெயரால்தான் வழக்கு வழங்குகிறது. அந்த மாவட்டமோ இடையில் எதிர்வாதிப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டு, பின்னர்ப் பெற்றோர் கட்சியை ஆதரித்து மனுவும் கொடுத்தது.

அடுத்த ஆண்டே, டெட்ராயிட் நகரைப் பற்றிய மில்லிகன் வழக்கில், நகர மாணவர்களையும் சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டங்களின் மாணவர்களையும் கலந்து பயிலச் செய்யும் திட்டத்தை அதே நீதிமன்றம், அதே ஐந்துக்கு நான்கு கணக்கில், தள்ளிவிட்டது. புறநகர் மாவட்டங்கள் தவறிழைத்ததாக மெய்ப்பிக்காமல் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றது. வரைபடத்தில் நில அளவைக்காரர் இழுத்த கோடு, பணத்தையும் பிள்ளைகளையும் இருபுறமும் பிரித்து நிறுத்தும் மதிலாக உறுதிப்பட்டது.

டெக்சாஸ் கதை அத்துடன் முடியவில்லை. கூட்டாட்சி அரசியல் சட்டம் கைவிட்டால் மாநில அரசியல் சட்டத்தைப் பிடிப்போம் என்று எட்ஜ்வுட் மாவட்டமே 1984இல் புது வழக்குத் தொடுத்தது. 1989 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, நடைமுறையிலிருந்த நிதி ஏற்பாடு செல்லாது என்றார்கள். மாநிலத்தின் மிகச் செல்வ மாவட்டத்தில் மாணவர் ஒருவருக்கு 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட சொத்து; மிக ஏழை மாவட்டத்தில் சுமார் 20,000 டாலர்; எழுநூறுக்கு ஒன்று என்ற வேறுபாடு என்று அத்தீர்ப்பு காட்டியது. சட்டமன்றம் இருமுறை திருத்திய சட்டமும் நீதிமன்றத்தில் தேறவில்லை. இறுதியில் 1993இல், சொத்து மிகுந்த மாவட்டங்களின் வரிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பிறருக்குப் பகிரும் சட்டம் வந்தது. 1995இல் நீதிமன்றம் அதை ஏற்றது. மக்கள் அதற்கு வைத்த பெயர், செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்ததாகக் கதைகளில் வரும் கொள்ளைக்காரன் 'ராபின் ஹுட்' பெயர். பறிகொடுத்தோர் அதை வசையாகவே சொன்னார்கள். அவர்கள் குறையிலும் சிறிது உண்மை உண்டு. தலைநகர் ஆஸ்டினில் நிலத்தின் விலை ஏறியதால், ஏழைக் குழந்தைகள் ஏராளமாக இருந்தும் அது பெருந்தொகை செலுத்தும் மாவட்டமாகிவிட்டது.

எட்ஜ்வுட் மாவட்டம் இன்றும் உள்ளது. மாணவர் தொகை 1968இல் இருந்ததில் பாதிக்கும் குறைவு. வருகையைக் கொண்டு உதவி கணக்கிடும் மாநிலத்தில் இது வருவாய்க் குறைவு என்றே பொருள். 2016இல் அதன் கல்விக் குழுவில் பிளவு முற்றி, காலியான ஓர் இடத்தைக்கூட நிரப்ப முடியாமல் போனபோது, மாநிலக் கல்வி ஆணையர் தாமே ஒரு நிர்வாகக் குழுவை நியமித்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் அதிகாரம் திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. 2023இல் ஹூஸ்டன் நகரத்தின் பெரிய மாவட்டமும் அவ்வாறே மாநிலத்தின் கைக்குப் போயிற்று. ரோட்ரிகெஸ் 2013இல் காலமானார். 2016 மே மாதம் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் பள்ளி நிதி முறை குறைகள் நிறைந்ததாயினும் சட்டத்துக்கு உட்பட்டதே என்றும், திருத்த வேண்டியது சட்டமன்றமே என்றும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டும் கோடை இறுதியில், மாநிலத்தின் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாவட்டங்களில் கல்விக் குழுக்கள் வழக்கம்போல் கூடி, நூறு டாலருக்கு இவ்வளவு என்று வரி வீதத்தைத் தீர்மானித்தன.